பின்கதவுக் காவல்

ஷஹீமா டீச்சருக்கு 'முடியாது' என்ற சொல்லே பிடிக்காது. பென்ஷன் எடுத்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை. தனித்துப்போன பழைய இராணுவக்காரர்களைப் பகல் சாப்பாட்டுக்கு ஒன்றுகூட்டும் சங்கத்தில் அவர் சேர்ந்ததும், எவருக்கும் மசியாத ஸைத் கோப்ரலை அவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஸைத் கொழும்பு வெள்ளவத்தையில், ரயில் பாதையோரத்து மாடி வீடொன்றில் தனியே இருந்தார். டீச்சர் எப்போது போனாலும் ஒரே கோலம்தான். கதிரையைப் பின்கதவுக்கு நேரே போட்டுக்கொண்டு, வைத்த கண் வாங்காமல் உட்கார்ந்திருப்பார். கதவுக்கு வெளியே இரும்புப் படிக்கட்டு, கீழே தண்டவாளம், அப்பால் கடல். போர்க்காலத்தில் வன்னிக் காவலரண் ஒன்றில் இவரை மாற்ற வரவேண்டியவன் வரவேயில்லையாம். மாற்ற ஆள் வராமல் காவலை விட்டுப் போகக்கூடாதாம். அந்தக் காவல் இன்னும் முடியவில்லை என்றுதான் மனிதர் இருந்தார்.

"அவன் வராம நான் போகேலா டீச்சர். படியில ஏறி வருவாங்க. ஆள் பாத்துக்கொண்டு இரிந்தா மட்டும்தான் திரும்பிப் போவாங்க."

யார் வருவார்கள் என்று கேட்டால் கதவைக் கையால் காட்டுவார். டீச்சருக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலும் வந்தது.

அன்று சங்கத்து வேன் கீழே ஹோன் அடித்துக்கொண்டு நின்றது. டீச்சருக்குச் சட்டென்று ஒரு யோசனை. நிமிர்ந்து நின்று, மாற்ற வந்த ஆள் தான்தான், நீங்கள் போகலாம் என்றார். வகுப்பில் நாடகம் போட்டுப் பழகிய குரல்.

ஸைத் சிரிக்கவில்லை. எழுந்து, டீச்சரைக் கதிரைக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, முறைப்படி ஒப்படைத்தார். தாழ்ப்பாள் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. சத்தம் கேட்டால் பேசக்கூடாது, பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

"பாரமெடுத்தேன்னு செல்லுங்க."

"பாரமெடுத்தேன்."

சல்யூட் அடித்துவிட்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி முன்வாசலால் இறங்கி ஓடினார். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. தானும் கூட இறங்கினால் மனிதர் திரும்பி ஏறிவிடுவார் என்று பின்தங்கினார். வேன் போனதும், வீட்டைக் கூட்டிவிட்டுக் கிளம்பலாமென்று விளக்குமாற்றை எடுத்தார்.

பட்டப்பகல். ரயில் ஒன்று இரைந்து போய் ஓய்ந்தது. அதற்குப் பிறகு, வெளியே இரும்புப் படியில் ஒரு காலடி கேட்டது. பிறகு இன்னொன்று. யாரென்று கேட்க வாயெடுத்தவர், நினைவு வந்து மூடிக்கொண்டார். கதவைப் பார்த்தார். சத்தம் நின்றது. குனிந்து குப்பையை அள்ளினார். மறுபடி ஏறியது, இம்முறை இன்னும் கிட்ட. பார்த்தார். நின்றது. அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டி முன்வாசலுக்குப் போகிற துணிச்சல் அவருக்கு இல்லை.

கண்ணை எடுக்காமல், ஸைத்தைத் திரும்பக் கூப்பிட போன் அடித்தார். மறுமுனையில் சிரிப்பும் பைலாப் பாட்டும். பழைய கூட்டாளி ஒருவர் முகத்துவாரத்திலுள்ள தன் வீட்டுக்கு அழைக்கிறாராம், இன்றைக்கு அங்கேதான் தங்கப்போகிறாராம். எத்தனையோ காலத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாராம். வந்துவிடுங்கள் என்று சொல்ல டீச்சருக்கு மனம் வரவில்லை.

"அது சரி, உங்கள மாத்த யாரு வார டீச்சர்?"

டீச்சர் யோசித்தார். கணவர் மவுத்தாகிவிட்டார். மகள் நப்லா கட்டாரில், பெருநாளைக்குத்தான் கதைப்பாள். வீட்டில் விளக்குப் போடாவிட்டால் ஏனென்று கேட்க ஓர் ஆள் கிடையாது. ஊராரின் தனிமைக்கு மருந்து தேடி அலைந்தவர் தன்னுடையதை இப்போதுதான் எண்ணிப் பார்த்தார்.

"வருவாங்க," என்று சொல்லி, குனிந்து போனை வைத்தார்.

வெளியே, கதவையொட்டிய கடைசிப் படியில் இரும்பு முனகியது. டீச்சர் கதிரையை இழுத்து, கதவுக்கு நேரே போட்டு உட்கார்ந்தார்.