கோதாவில் கும்பிட்டவள்

"கோதாவுக்குள்ள நின்னுக்கிட்டு யாராவது கும்பிடுவாங்களா பெரியம்மா? நீங்களே சொல்லுங்க!"

புன்சோங் வந்து கத்தியபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பாங்காக்கை ஒட்டிய சமுத் பிராகானில் இருக்கும் எங்கள் முவாய் தாய் குத்துச்சண்டைக் கூடத்துக்கு அவன்தான் வாத்தியார். கூடம் என்னுடையது. பையன்களுக்குச் சோறாக்கிப் போடுவதும் நான்தான்.

"மரியாதை தெரிஞ்ச பொண்ணு. கும்பிட்டா" என்றேன்.

"அந்த மரியாதையால கனூனோட புருவம் பிளந்து கிடக்கு! ஞாயித்துக்கிழமை சண்டை போச்சு!"

லம்துவானைத்தான் சொல்கிறான். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருபவள். நாற்பதை நெருங்குகிறாள். எங்கள் பையன்கள் பாங்காக்கின் பெரிய அரங்குகளில் ஏறுகிறவர்கள். இவளோ சண்டை போடப்போவதில்லை. சாயங்காலம் வருவாள், வேர்க்க வேர்க்க உதைப்பாள், போவாள்.

"அக்கா, பல்லு வலிச்சா உங்ககிட்ட வரணுமா, இல்ல உங்ககிட்ட வந்தா பல்லு வலிக்குமா?" என்று பையன்கள் சீண்டுவார்கள்.

பயிற்சி முடியும் நேரத்தில் 'விளையாட்டு' உண்டு. பலத்தைக் காட்டாமல், சிரித்துக்கொண்டே தொட்டுத் தொட்டு அடிப்பது. அன்றைக்கு அவளோடு விளையாடியவன் கனூன், எங்கள் முதல் வீரன். கனூன் என்றால் பலாப்பழம். தலைமுடியும் அப்படித்தான் குத்திட்டு நிற்கும்.

"இங்க அடிங்கக்கா" என்று கைகளைத் தொங்கப்போட்டு நெற்றியைக் காட்டியிருக்கிறான். அவளும் கையுறையால் தொட்டுவிட்டாள். தலை எங்களுக்குப் புனிதம்; ஒருவர் தலையில் கை பட்டுவிட்டால் எங்கள் வீடுகளில் என்ன செய்வோமோ அதையே அவளும் செய்தாள். இரண்டு உறைகளையும் சேர்த்துக் கும்பிட்டுக் குனிந்தாள். அவன் சிரித்துக்கொண்டே உள்ளே பாய, அவள் உச்சந்தலை அவன் புருவத்தில் மோதியது.

தையல் போட்ட டாக்டர் ஒரு மாதத்துக்குச் சண்டை கூடாது என்றுவிட்டார். சண்டையைப் பார்க்கப் புரிராமிலிருந்து புறப்பட இருந்த கனூனின் அம்மா, மூட்டையைப் பிரித்து வைத்தாளாம்.

மறுநாள் லம்துவான் மல்லிகை மாலையோடு வந்து புன்சோங்கின் முன்னால் மண்டியிட்டாள்.

"மன்னிச்சிட்டேன்" என்று மாலையை வாங்கிக்கொண்டான். "ஆனா நாளையிலேர்ந்து வேற இடம் பாரு. மால்ல ஏசி போட்ட கூடம் இருக்கு. பாட்டெல்லாம் போடுவாங்க."

"அங்க போய்ப் பாத்துட்டுத்தான் இங்க வந்தேன் வாத்தியாரே. எப்படி உதைச்சாலும் 'சூப்பர் அக்கா'ங்கிறாங்க. 'காலா இது, வாழைத்தண்டா'ன்னு நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க."

"திட்டு வாங்கவா வர்றே?"

"டாக்டர் வர நேரமானா நான் மன்னிப்புக் கேக்கணும். ஊசி வலிச்சா நான் கேக்கணும். நாள் முழுக்க அதான் என் வேலை. யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்காம இருக்கிறது இந்த ஒரு மணி நேரந்தான்."

"இங்கயும் கேட்டுத் தொலைச்சியேடி!" என்றேன் நான்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

புன்சோங் சிரிக்கவில்லை. "பொழுதுபோக்குக்கு வர்றவங்களுக்கும் பொழைப்புக்கு வர்றவங்களுக்கும் ஒரே கோதா சரிப்படாது பெரியம்மா. இவங்களுக்கு இது சாயங்காலம். பசங்களுக்கு இதான் வாழ்க்கை."

அவன் சொன்னதில் பொய் இல்லை. லம்துவான் தன் பையை எடுக்க எழுந்தாள்.

உள்ளே படுத்திருந்த கனூன் புருவத்துக் கட்டோடு வெளியே வந்தான்.

"வாத்தியாரே, ஒரு மாசமா என்னைய எதுக்குத் திட்டுறீங்க?"

"கையைத் தூக்க மாட்டேங்கிறேன்னு."

"அக்கா என்ன செஞ்சிடப்போறாங்கன்னுதான் நேத்துக் கையத் தொங்கப்போட்டேன். போன சண்டைல தோத்தேனே, அவனையும் அப்படித்தான் நெனச்சேன். பாதித் தப்பு என்னுது."

"உங்கம்மாகிட்ட என்னடா சொன்னே?"

"பலாப்பழத்த வெட்டிட்டாங்கன்னு சொன்னேன்."

மூலையில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். புன்சோங் மாலையைப் புத்தர் படத்துக்குப் போட்டுவிட்டு வந்தான். பிறகு உறைகளை மாட்டினான்.

"ஏறு" என்றான் லம்துவானிடம். "சண்டைக்குப் பேர் கொடுத்தவனோட நீ விளையாடக் கூடாது. இனிமே என்னோடதான். சம்மதமா?"

"சம்மதம் வாத்தியாரே."

"என் தலையில தட்டு."

அவள் முகம் வெளுத்தது. "உங்க தலையிலயா?"

"பின்னே, பெரியம்மா தலையிலயா?"

தட்டினாள். ஈ உட்கார்ந்ததுபோல. உடனே இரண்டு உறைகளும் தாமாக நெருங்கின.

"ஏய்!" என்று கூடம் முழுக்கக் கத்தியது. அவள் கைகளை வெடுக்கென்று பிரித்தாள்.

"மன்னிச்சு..."

"வாயையும் மூடு. இன்னொரு தடவை."

இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டே அடித்தாள். மூக்கில் நன்றாகவே விழுந்தது. புன்சோங்கின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் குனியவில்லை. உதடு மட்டும் துடித்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான் மூக்கைத் துடைத்தபடி.

"பாவம் பண்ண மாதிரி இருக்கு வாத்தியாரே."

"பழகிடும். கையத் தூக்கு, இப்ப நான் அடிக்கப்போறேன்."