கொக்கிக்கு நாலு பெயர்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியின் ஸ்டோரில் அக்கா வைத்ததுதான் சட்டம். மெக்கானிக் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். இரண்டாயிரத்துச் சொச்சம் உதிரிப்பாகங்கள் அவளுக்கு அத்துப்படி. எந்த மெக்கானிக் எதை என்ன பெயர் சொல்லிக் கேட்பான் என்பதும் அத்துப்படி.

ஸ்டோருக்குக் கம்ப்யூட்டர் தேடல் வந்தபோது ஒன்பது மாதம் இடுப்பொடிய உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளே ஏற்றினாள். பெயர் எழுத ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அதற்காக விட்டுவிடுவாளா? லிஃப்ட் கதவின் ஒரே கொக்கிக்குக் கதவுக் கொக்கி, பூட்டு நாக்கு, வளைஞ்ச கம்பி என்று வழங்கும் பெயர்களையெல்லாம் கமா போட்டு அதே கட்டத்துக்குள் எழுதினாள்.

முதல் நாளே மானம் போயிற்று. ‘பூட்டு நாக்கு’ என்று தேடினால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றது மெஷின்.

“ஒரு பொருளுக்கு ஒரு பேரு போதும்க்கா. மத்ததெல்லாம் இந்த வாரத்துக்குள்ள அழிச்சிடுங்க” என்றார் மேனேஜர். மெக்கானிக்காக இருந்து மேலே போனவர் இப்படிச் சொல்கிறாரே! ஒன்பது மாத உழைப்பைத் தன் கையாலேயே அழிப்பதா?

தேடலை எழுதிக் கொடுத்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. போன் போட்டு ஒரு பிடி பிடித்தாள். அவன் அலறியடித்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தான்.

“முழு வரியையும் ஒரே பேருன்னு எடுத்துக்கிட்டிருக்கு. தப்பு உன்மேல இல்லக்கா, நான் செஞ்ச கட்டத்துமேல. அதையே பட்டியலா மாத்திட்டா ஒவ்வொரு பேரும் தனித்தனியா நிக்கும். எதைத் தேடினாலும் பொருள் வந்துடும்.”

“அதை முன்னாடியே செஞ்சு தொலைக்கிறதுக்கென்னடா?”

“ரெண்டாயிரம் வரியையும் பிரிக்க ஒரு மாசம் ஆகுமே” என்று இழுத்தார் மேனேஜர்.

ஆகவில்லை. கமா இருக்கும் இடத்திலெல்லாம் வெட்டும்படி தம்பி மெஷினுக்குச் சொன்னான்; பத்தே நிமிடத்தில் முடிந்தது. “சார், இத்தனை வரியில ஒரு கமாகூடத் தவறல. எங்க ஆபீஸ்லகூட இவ்வளவு சுத்தமா யாரும் எழுத மாட்டாங்க” என்றான். அக்கா தூசியே இல்லாத மேசையை மும்முரமாகத் துடைத்தாள்.

மேனேஜர் அவ்வளவு லேசில் மசிகிறவர் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒற்றை விரலால் ‘நண்டுக்கால்’ என்று தட்டினார். கதவுக் கொக்கி, அலமாரி ஏழு, மூன்றாம் தட்டு என்று வந்து நின்றது.

அவர் திரும்பிப் பார்த்தார். “இது நான் மட்டுமே சொன்ன பேராச்சே. இருபது வருஷம் இருக்கும்.”

“ஆமா சார். அந்த ஜன்னல்ல நின்னு ‘நண்டுக்கால் குடுக்கா’ன்னு கத்துவீங்க. ஒருத்தர் சொன்னாலும் அதுவும் பேருதானே.”

மேனேஜர் எழுந்து, “ஒண்ணையும் அழிக்காதீங்கக்கா” என்றார்.

“நான் எங்க சார் அழிக்கப்போனேன்?” என்றாள் அக்கா, தலையை நிமிர்த்திக்கொண்டு.