கோமதியம்மாள் இடைவேளையைத் தாண்டிய விதம்

கேமும் விளையாடலாம், படமும் பார்க்கலாம் என்றிருந்த அந்தப் பெட்டியை இனிமேல் தயாரிப்பதில்லை, விற்றதையும் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று கம்பெனி அறிவித்த அன்று, எங்கள் பெட்டிக்குள் குடியிருந்த இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். தூத்துக்குடியில் எங்கள் தெருவில் அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. கப்பலில் வேலை பார்க்கும் அப்பா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. தூக்கிக்கொண்டு போக மேலே ஒரு கைப்பிடி. முன்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னும். அம்மா அதில் முகம் பார்த்துத்தான் தலை வாருவாள்.

எங்களிடம் ஒரு கேமும் ஒரு படமுமே இருந்தன. ஆகவே வந்தவர்களில் ஒருவர் கேமில் ஓடுகிறவர். இன்னொருவர் படத்தில் கதாநாயகனின் தாயாக வரும் கோமதியம்மாள். படத்தில் இன்னும் எத்தனையோ பேர் உண்டு. அவர்களுக்கெல்லாம் இடைவேளைக்குப் பிறகும் வேலை இருந்ததால், இரண்டாவது டிஸ்க்குக்குப் போய்விட்டார்கள். அந்த டிஸ்க்கை இரவல் வாங்கிப் போன லூர்து மாமா, அதோடு வீடும் மாறிப் போய்விட்டார். முதல் டிஸ்க்கோடு வேலை முடிகிறவர் கோமதியம்மாள் மட்டும்தான். இடைவேளை என்று எழுத்து விழும்போது இறந்துவிடுவார்.

அம்மா இருவருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள். இத்தனை வருடம் ஒரே பெட்டியில் இருந்தும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஒருவர் உள்ளே சுற்றும்போது மற்றவர் டிஸ்க் அட்டைக்குள் இருப்பார்.

“எந்நேரமும் குதிக்கிற சத்தம் கேட்கும். நீங்கதானா?” என்று கோமதியம்மாள் கேட்டார்.

“நான்தான். எனக்கு அழுகைச் சத்தம் கேட்கும்” என்றார் ஓடுகிறவர்.

அவருக்கு வலப்பக்கமாகப் போக மட்டுமே தெரியும். அடுக்களை இடப்பக்கம் இருந்தது. காபி தம்ளரைக் கழுவ வைக்க, அவர் தலைவாசல் வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றிப் பின்வாசல் வழியாக வந்தார். “பின்கதவைத் தாழ் போட்டுராதே” என்று அம்மா என்னிடம் சொல்லிவைத்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கோமதியம்மாள் இருமத் தொடங்கினார். படத்தில் இருமல் வந்துவிட்டால் இடைவேளை பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கட்டிலில் படுத்தபடி மகனின் கையைப் பிடித்து, “மகனே, இத்தனை காலம் மறைச்சு வச்சிருந்தேன். உங்கப்பா பேரு...” என்பார். தலை சாய்ந்துவிடும். பெட்டிக்குள் என்றால் மறுபடி முதலிலிருந்து போட்டுக்கொள்ளலாம். வெளியே அப்படிப் போட யாரும் இல்லை.

அம்மாவுக்கு அந்த வாக்கியம் வெகுநாள் குறை. “இப்பவாவது சொல்லுங்கம்மா. அவன் அப்பா யாரு?”

“எனக்கே தெரியாதே தாயி. எனக்குக் கொடுத்த வசனம் அதோட முடிஞ்சு போச்சு.”

“புருஷன் பேரு தெரியாமயா பிள்ளை பெத்திய?”

“பிள்ளையோட பஸ்ஸை விட்டு இறங்குறதுலதான் என் கதையே ஆரம்பம். ஒரே ஒரு தடவை, அந்த வாக்கியத்தை முடிச்சுட்டேன்னா போதும்” என்றார் கோமதியம்மாள்.

அந்த நேரத்தில் பெட்டியைத் திரும்ப எடுத்துப்போகக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். மாசானமுத்து என்று சட்டைப்பையில் பெயர்ப்பட்டை குத்தியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், கோமதியம்மாள் இருமுவதைக் கேட்டார்.

“படம் ஓடுதோ? ஓடும்போது எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ. இடைவேளையில எடுத்துக்கிடுதேன்” என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஓடுகிறவர் தன் பையிலிருந்து ஓர் உயிரை எடுத்தார். எலுமிச்சம்பழம் அளவு, பச்சை நிறம். “என்கிட்ட இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கு. இதை வச்சுக்கோங்க.”

கோமதியம்மாள் அதை முந்தானையில் முடிந்துகொண்டார். “செத்தா எங்கேயிருந்து எழும்புவேன்?”

“கடைசியா தொட்ட கொடியிலேயிருந்து. கொடியே தொடலேன்னா முதல்லேயிருந்து.”

“மறுபடி பஸ்ஸா? இடுப்பு தாங்காதய்யா.”

நான் ஒரு சிவப்புத் துண்டைக் கம்பில் கட்டி, காலிப் பெயின்ட் டப்பாவில் மண்ணைப் போட்டு, கட்டில் பக்கத்தில் நட்டேன். கோமதியம்மாள் அதைத் தொட்டுக்கொண்டார். ஓடுகிறவர் கட்டிலையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்தார். கொடிக்குப் பக்கத்திலேயே இடைவேளை என்கிற குழி இருப்பதாகவும், எழும்பின கையோடு குதித்துத் தாண்டாவிட்டால் மறுபடி அதிலேயே விழ வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அதனால் குதிக்கப் பழக வேண்டியிருந்தது.

“எனக்குக் கட்டில்ல படுக்கிற காட்சிதான் கொடுத்தாங்க. குதிக்கிற காட்சி எல்லாம் என் மகனுக்கு” என்றார் கோமதியம்மாள். அம்மா அவருடைய சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிவிட்டாள். இருமிக்கொண்டே குதித்தார்.

“முழங்காலை மடக்கணும்மா. சும்மா குதிகாலைத் தூக்கினா எப்படி?” என்றார் மாசானமுத்து.

இருமல் முற்றியது. கோமதியம்மாள் கட்டிலில் ஏறி என் கையைப் பிடித்தார். “மகனே, இத்தனை காலம் மறைச்சு வச்சிருந்தேன். உங்கப்பா பேரு...” குதித்தார். கொஞ்சம் பிந்திவிட்டது. தலை சாய்ந்தது. நாங்கள் எழுந்து நின்றோம். மாசானமுத்து பெட்டியின் கைப்பிடியில் கையை வைத்தார்.

கோமதியம்மாள் இரண்டு தடவை மின்னி அணைந்து, கொடியருகே நின்றார். முந்தானை முடிச்சு காலியாகத் தொங்கியது.

“இன்னும் ஓடுது போல” என்று மாசானமுத்து கையை எடுத்துக்கொண்டார்.

கோமதியம்மாள் என்னைப் பார்த்து, “உங்கப்பா பேரு” என்றார். இந்தத் தடவை முழங்காலை மடக்கியிருந்தார். அவர் அந்தரத்தில் இருந்தபோது இடைவேளை அவர் காலுக்குக் கீழே கடந்து, ஜன்னல் வழியாகப் போய்த் தெருவில் விழுந்தது.

தெருவில் எல்லோரும் எழுந்தார்கள். முடிவெட்டும் கடையில் பாதி சவரத்தோடு ஒருவர் வெளியே வந்து சோம்பல் முறித்தார். ஆட்டோக்காரர் நடுத்தெருவிலேயே வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் முறுக்கு வாங்கினார்கள். மாசானமுத்து எட்டிப் பார்த்தார்.

“இது தெருவோட இடைவேளை. இதுல பெட்டியை எடுக்க முடியாது.”

பிறகு மணி அடித்தது. எல்லோரும் வாங்கினதைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, தெருவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வெயில் மெல்லக் குறைந்து இருட்டானது.

கோமதியம்மாள் கொடிக்கு அந்தப் பக்கம் நின்றார். இருமல் இல்லை. வாக்கியம் இன்னும் பாதியில் நின்றது. அதற்கு மேல் அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அப்புறம் நாற்காலியில் இருந்தவரின் சட்டைப்பையைப் பார்த்தார்.

“மாசானமுத்து” என்றார்.

மாசானமுத்து குனிந்து தன் பெயர்ப்பட்டையை ஒருமுறை வாசித்தார். பிறகு நிமிர்ந்தார்.

“பையன் என்ன பண்ணுதான்?”

நான் டிஸ்க்கின் அட்டையை எடுத்துவந்து காட்டினேன். அதில் மகன் தொப்பியோடு நின்றான். “இன்ஸ்பெக்டரா இருக்காரு.”

“தனி ஆளா நின்னு நல்லா வளத்திருக்கே” என்றார் அவர். கோமதியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

“அப்பவே நினைச்சேன்” என்றாள் அம்மா.

இரண்டாவது டிஸ்க்கில் இருக்கும் மகனைப் பார்க்க, லூர்து மாமாவின் புது வீட்டுக்கு வழி சொன்னேன். பெட்டி இங்கேயே இருக்கட்டும், படம் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று மாசானமுத்து செருப்பை மாட்டிக்கொண்டார். மூன்று பேரும் இறங்கினார்கள். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். முனையில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஓடுகிறவர் முன்னால் போனார். வலப்பக்கம் திரும்பி, மறுபடி வலப்பக்கம் திரும்பி, இன்னொரு தடவையும் வலப்பக்கம் திரும்பி, அந்தத் தெருவுக்குள் நுழைந்தார். கணவனும் மனைவியும் பின்னாலேயே போனார்கள்.