போனை எடுத்தவர்

என் புருஷன் அர்த்தனாரி செத்து நான்கு மாதம் ஆகிறது. அவரைக் கொன்றது மின்சாரம் என்கிறார்கள். மின்சாரத்துக்கு என்ன தெரியும்? விட்ட வழியில் ஓடுகிறது. வழியை மாற்றிவிட்டவர்கள் யார் என்றுதான் நான் கேட்டேன். கேட்டுக் கேட்டு என் செருப்புத்தான் தேய்ந்தது.

கொல்லிமலையில், அரியூர் நாட்டின் கடைசியில் எங்கள் ஊர். நாற்பது வீடு. முன்பெல்லாம் கம்பி அறுந்தால் லைன்மேன் ஸ்டீபனுக்குப் போன் செய்வோம். கீழ்நாட்டுக்காரர், ஆனால் பதினொரு வருஷம் மலையிலேயே கிடந்தவர். டிரான்ஸ்பார்மரில் பீஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டுக் கம்பத்தில் ஏறுவார். வீட்டுக்கு ஓர் ஆள் போய் மூங்கிலால் கம்பியைத் தூக்கிக் கொடுப்பார்கள். ஒரு மணி நேர வேலை.

போன வருஷம் மலையின் மின்சாரத்தை அரசாங்கம் ஒரு கம்பெனியிடம் கொடுத்தது. எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்டீபனைக் கீழே மாற்றிவிட்டு, அவருக்குப் பதில் ஒரு போன் நம்பரைக் கொடுத்தார்கள்.

ஐப்பசி மழையில் கம்பி அறுந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கும் தடத்தில் விழுந்தது. அந்த நம்பருக்கு மூன்று நாள் போன் செய்தோம். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. அழுத்தினோம். "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டுள்ளது" என்றது ஒரு பெண் குரல், ஏதோ வரம் கொடுக்கிற மாதிரி. ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் அர்த்தனாரி பொறுக்கமாட்டாமல் ஸ்டீபனைக் கூப்பிட்டார். அவர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஏனுங்ணா, கம்பி தடத்துல கெடக்குது. புள்ளைங்க நடக்கிற எடம். என்ன பண்றதுங்க?"

"டிரான்ஸ்பார்மர்ல மூணு பீஸையும் புடுங்கிடு சாமி. அப்புறம் கம்பில ஒண்ணும் இருக்காது. ஓரமா இழுத்துப் போட்டுரு" என்றார் ஸ்டீபன்.

பிடுங்கினார். மூன்றையும் வேட்டி மடியில் கட்டிக்கொண்டுதான் கம்பியைத் தொட்டார். நான் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கடைசிக் கம்பத்தைக் கம்பெனிக்காரர்கள் பக்கத்து ஊர் டிரான்ஸ்பார்மரோடு இணைத்து வைத்திருந்தார்கள். எங்கள் பீஸைப் பிடுங்கியும் அந்த வழியாகக் கம்பியில் கரண்ட் இருந்தது. அது ஊருக்கும் தெரியாது, ஸ்டீபனுக்கும் தெரியாது. வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வேண்டிய அரசாங்கத்துக்கும் தெரியாதாம்.

கம்பெனியில் கேட்டேன். லைன் அரசாங்கத்துடையது, பராமரிப்பு மட்டும்தான் தங்களுடையது என்றார்கள். அரசாங்கத்தில் கேட்டேன். கம்பெனியிடம் ஒப்படைத்தாகிவிட்டது, அங்கே போ என்றார்கள். என்ன எழுதி ஒப்படைத்தீர்கள், அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள் என்று மனு போட்டேன். வியாபார ரகசியம் என்று பதில் வந்தது. என் தாலி போனதில் என்னடா ரகசியம்?

இதற்கிடையில் ஊருக்கே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். சாவு விழுந்த லைன், விசாரணை முடியும்வரை இணைப்புக் கிடையாதாம். குடிதண்ணீர் மோட்டார் நின்றது. பெண்கள் ஓடையில் இறங்கித் தண்ணீர் சுமந்தார்கள். பக்கத்து வீட்டு அத்தாயி பாறையில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள்.

போன வாரம் விசாரணை அதிகாரி மணிவண்ணன் ஜீப்பில் வந்து அங்கன்வாடியில் உட்கார்ந்தார். என் வாக்குமூலத்தை அவரே டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். லைன்மேன் ஸ்டீபன் சொன்ன தவறான யோசனையால்தான் என் கணவர் இறந்தார் என்று இருந்தது.

"லைனை மாத்தினது யாருங்க சார்? அது இதுல இல்லீங்களே" என்றேன்.

"அது ஒப்பந்தத்துல வருதும்மா. ஒப்பந்தம் என் விசாரணைக்குள்ள வராது."

"அப்ப ஸ்டீபன் அண்ணன் மட்டும் எப்பிடிங்க வாராரு?"

"அவர் ஒத்துக்கிட்டாரேம்மா. ஒருத்தர் பேராவது இருந்தாத்தான் ஃபைலை மூட முடியும். மூடிட்டா நாளைக்கே கரண்ட்."

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். ஸ்டீபன் வேதக்காரர்தான், ஆனாலும் இந்த அரசாங்கத்துக்கு அகப்பட்ட ஆண்டி அவர்தான். அதிகாரி கெட்ட மனுஷனும் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் காறித் துப்பிவிட்டாவது வந்திருப்பேன்.

வெளியே வந்து ஸ்டீபனுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"கையெழுத்துப் போட்டுரு அம்மிணி. நான் சொன்னதுதானே? அதுல பொய்யில்லையே."

"உங்க வேலை போயிருமேங்ணா."

"என்னை நம்பித்தானே அவன் தொட்டான்" என்றார். அழுகிறார் என்று தெரிந்தது. எனக்கும் அடக்க முடியவில்லை.

அங்கன்வாடி வாசலில் ஊர்ப் பெண்கள் குடங்களோடு நின்றிருந்தார்கள். அத்தாயி கட்டுப் போட்ட கையோடு நின்றாள். போடு என்று ஒருத்தியும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு மின்சாரம் வந்தது. மோட்டார் ஓடியது. அதற்கடுத்த நாள் ஸ்டீபனைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

என் புருஷன் சாவுக்கு யார் பொறுப்பு என்று நான்கு மாதம் அலைந்து கேட்டேன். அரசாங்கம் பதில் சொல்லிவிட்டது. நாங்கள் கூப்பிட்டபோது போனை எடுத்த ஒரே மனுஷனின் பெயர்தான் அந்தப் பதில். அதை எழுதிக் கொடுத்தவள் நான்.