பச்சைக் குடை

கீழே இழுத்துவிடாதே. எதை வேண்டுமானாலும் பார், திரையின் மேல் விளிம்பை மட்டும் இழுத்துவிடாதே.

சமையலறை வாசலில் கையில் துடைத்த தட்டோடு அவள் நின்றாள். கூடத்தில், அவளுடைய போன் நாத்தனாரின் புருஷன் கையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தவன் அவள் கணவன்தான். "பாருங்க மாப்பிள்ளை, எங்க வீட்ல ஒளிவுமறைவே கிடையாது" என்று பெருமையாக நீட்டியிருந்தான்.

நாத்தனார் போன மாதம் வீட்டை விட்டுப் போய்விட்டாள். எங்கே இருக்கிறாள் என்பது இவளுக்கு மட்டும் தெரியும். அந்த முகவரியும், தோளில் இஸ்திரிப்பெட்டி பதிந்த காயத்தின் படமும் அதே போனில், வேறொரு ப்ரொஃபைலில் இருந்தன. ஒரே வீட்டுக்குள் தனிப் பூட்டோடு இன்னொரு வீடு மாதிரி. அதை அமைத்துக் கொடுத்தவளே நாத்தனார்தான். புருஷனின் செல்போன் கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் அமைத்துக் கொடுத்தவள்.

"விரல் ரேகை வேணாம் அண்ணி. தூங்குறப்ப கையைப் பிடிச்சு அழுத்திடுவாங்க. நம்பர் வைங்க. மண்டைக்குள்ள கைவிட்டு யாரும் எடுக்க முடியாது."

அன்று இவளுக்குச் சிரிப்பு வந்தது. தன் கணவனா அப்படிச் செய்வான்?

"என்ன தங்கச்சி, போன் பூரா பூனை வீடியோ? லேப்ல வேலையே இல்லையா?" என்றான் நாத்தனார் புருஷன். கணவன் தேவைக்கு மேலேயே சிரித்தான். இவளும் சிரித்துவைத்தாள். தன் சிரிப்பு தனக்கே அந்நியமாகக் கேட்டது.

அவன் திரையைக் கீழே இழுத்தான். ஓரத்தில் இரண்டு வட்டங்கள். ஒன்றில் இவள் முகம். மற்றதில் ஒரு பச்சைக் குடை.

அவன் கட்டைவிரல் நின்றது.

"மச்சான், இந்தக் குடை எங்க கடையோடது. ரெண்டாவது ப்ரொஃபைல் போட்டா இதைத்தான் வைப்போம். உங்க தங்கச்சி ஆரம்பிச்ச பழக்கம்."

ஒளிந்துகொள்ளப் போகிற அவசரத்திலும் நாத்தனாரின் பழகின கை பழகினதையே செய்திருக்கிறது. இவளும் அதை அழகாயிருக்கிறதென்று விட்டுவிட்டாள்.

"அது லேப் வேலைக்கு. நோயாளிங்க ரிப்போர்ட் இருக்கு" என்றாள்.

"இருக்கட்டுமே, நான் என்ன டாக்டரா? திறந்து காட்டும்மா." அவனே மனைவியின் பிறந்த தேதியை அடித்தான். போன் கையில் அதிர்ந்து மறுத்தது. கல்யாணத் தேதியை அடித்தான். மறுபடி அதிர்ந்தது. அவன் கோபப்படவில்லை. போனை மச்சானிடம் நீட்டி, "நீங்களே கேளுங்க" என்றான்.

கணவன் வாசலுக்கு வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"திருந்திட்டான்டி. காலைல என் கையைப் பிடிச்சிட்டு அழுதான். நாமளே போய்க் கூட்டிட்டு வந்து பேசி வச்சிடலாம். நம்பரைச் சொல்லு."

"அவ தோளை நீங்க பார்த்தீங்களா?"

"ஏதோ கோவத்துல ஒரு தடவை... சொல்லேன். மானம் போகுது."

அவன் கண்ணில் மிரட்டல் இல்லை. இது எப்படியாவது முடிந்தால் போதும் என்ற களைப்பு மட்டுமே இருந்தது. கூடத்தில் இருப்பவனைவிட அந்தக் களைப்புக்குத்தான் இவள் அதிகம் பயந்தாள். இத்தனை வருஷம் அதற்கு இரங்கித்தான் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்திருந்தாள்.

தட்டை வைத்துவிட்டுப் போனை வாங்கினாள். கணவன் முகம் தெளிந்தது. இவள் பக்கவாட்டுப் பொத்தானைத் திரை இருளும்வரை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"சொல்ல மாட்டேங்க" என்றாள்.