வில்மா வாங்கித் தந்த உறை

லான்சிங் ஹோட்டலில் பழைய நோட்டுக் கண்காட்சி. வியாபாரி ரெக்ஸ் டாங்கரனின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார் ஆர்வில் ஹூக்ஸ்ட்ரா. சட்டைப் பையில், பிளாஸ்டிக் உறைக்குள், கிரேன் க்ரீக் வங்கியின் ஐந்து டாலர் நோட்டு இருந்தது. 1837-ல் அடித்தது, இன்னொன்று இருப்பதாக யாரும் சொன்னதில்லை. அதை விற்றால்தான் மனைவி வில்மா இப்போதிருக்கும் காப்பகத்திலேயே இருக்க முடியும். இல்லாவிட்டால் வடக்கே எங்கோ இருக்கும் அரசாங்க இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

அந்த வங்கி லேசுப்பட்டதல்ல. அந்தக் காலத்தில் வங்கிகளே நோட்டு அடிக்கலாம், ஈடாக வெள்ளிக் காசு கையிருப்பில் இருக்க வேண்டும். சோதனைக்கு அதிகாரி வருகிறார் என்றால் பீப்பாய் நிறைய ஆணியைக் கொட்டி, மேலாக மட்டும் வெள்ளிக் காசைப் பரப்பி வைப்பார்கள். அவர் கிளம்பியதும் அதே பீப்பாய் குறுக்கு வழியில் அடுத்த வங்கிக்கு ஓடும். கடைசியில் எல்லாம் திவால். நோட்டை நம்பி கோதுமை விற்றவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஆர்வில் வயிறு குலுங்கச் சிரிப்பார். ஏமாந்தவன் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும்.

ரெக்ஸ் உறையை வாங்கி விளக்கில் பிடித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“யோவ் ஆர்வில், இது மெத்துன்னு இருக்கிற மட்டமான பிளாஸ்டிக்குய்யா! எவ்வளவு காலமா இதுக்குள்ளயே கெடக்கு?”

“கல்யாணமான புதுசுல வில்மா வாங்கித் தந்த உறை. கைபட்டா அழுக்காயிடும்னு நோட்ட வெளிய எடுத்ததே இல்ல. உறைதான் மங்கிப்போச்சுன்னு நெனச்சேன்.”

“அதான் வினை. இது எண்ணெயா கக்கும். பாரு, மையெல்லாம் உறையில ஒட்டிக்கிட்டு வந்துருச்சு. தாள் வெறும் பிசுக்கு.”

“ஏதாவது தர மாட்டியா?”

“இருபது டாலர் தரேன். மேசையில வெச்சா நம்மாளுங்களுக்காவது புத்தி வரும்.”

ஆர்வில் உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

காப்பகத்தில் வில்மா சக்கர நாற்காலியில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வித்துட்டியா?”

“ம்.”

“நல்ல வெலைக்கா?”

“நல்ல வெலைக்குத்தான்.”

“பாத்தியா! அன்னிக்கே உறையில போடுன்னு சொன்னேன். ஒன்ன விட்டிருந்தா பைபிளுக்குள்ள சொருகிட்டு மறந்திருப்ப.”

“ஆமா வில்மா. உன் உறைதான் காப்பாத்துச்சு.”

அவள் முகம் மலர்ந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பீப்பாயின் மேல் வெள்ளிக் காசைப் பரப்பியவனை நினைத்தார். இந்த முறை சிரிப்பு வரவில்லை.

“அப்ப இங்கதான இருக்கப் போறேன்? இந்த ஜன்னலுக்கு ஒரு நல்ல திரை வாங்கிப் போடேன்” என்றாள்.

“என்ன கலர் வேணும்?” என்று கேட்டார் ஆர்வில்.