மேல் அடுக்கு மீன்

எட்டு மாதங்களாக வாரத்தில் இரண்டு நாள், விடிந்ததும் நாகப்பட்டினம் துறைமுக ஏலக்கூடத்தில் நிற்கிறேன். கூடைக்குப் பத்துக் கானாங்கெளுத்தி எடுத்து, அளவுப் பலகையில் கிடத்தி, நீளத்தை நோட்டில் எழுத வேண்டும். கடல் உயிரியல் ஆய்வாளர் டாக்டர் அனுசுயாவுக்காக இந்த வேலை. அவருடைய கேள்வி ஒன்றுதான்: நம் கரைக்கு வரும் கானாங்கெளுத்தி ஒரு முறையாவது முட்டையிட்ட பிறகு வலையில் விழுகிறதா, அதற்கு முன்பேவா?

என் கை மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. அதனால் ஒவ்வொரு மீனையும் இரண்டு முறை அளப்பேன். ஆறாயிரத்து நானூறு மீன்கள். சராசரி இருபத்தோரு சென்டிமீட்டர். பத்தொன்பதைத் தாண்டினால் முட்டையிடும் பருவம் என்பதால் கவலையில்லை என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை படகு உரிமையாளர்கள் கூட்டத்தில், வலைக் கண்ணைப் பெரிதாக்கத் தேவையில்லை என்று டாக்டர் சொல்வதாக இருந்தது.

அதற்கு முந்தின வியாழக்கிழமை மாலை, கல்லூரிப் புள்ளியியல் வகுப்பில், மாதிரி எடுப்பதற்கு ஓர் உதாரணம் கேட்டார் கிளாட்சன் சார். நான் எழுந்தேன். எங்கள் வீடு மன்னார்குடிப் பக்கம். அப்பா நெல்லைக் கொள்முதலுக்குக் கொண்டுபோனால் மூட்டையின் வாயைத் திறந்து பார்க்க மாட்டார்கள். விலாவில் குத்தூசியைச் செருகி உள்ளே இருக்கும் நெல்லை எடுப்பார்கள் என்றேன்.

"ஏன் அப்படி?"

"மேல நல்ல நெல்ல போட்டு அடியில பதர போட்டுருப்பாங்க சார்."

வகுப்பு சிரித்தது. சார் பாராட்டினார். உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. எட்டு மாதமாக நான் மீனை எடுத்தது கூடையின் மேலிருந்து.

வெள்ளிக்கிழமை காலை, கூடை அடுக்கும் எல்லையம்மாளிடம் போனேன்.

"அக்கா, அடியில இருக்குறதும் இதே அளவுதானே?"

அவர் இடுப்பில் கைவைத்தார். "எட்டு மாசமா வந்து போற, இப்பத்தான் கேக்கத் தோணுச்சா? மேல இருக்குறது ஏலம் கேக்குறவன் கண்ணுக்கு. அடியில இருக்குறது கொழம்புக்கு." பக்கத்துப் பெண்களிடம் திரும்பினார். "படிச்ச புள்ள நுனிப்புல்லு மேஞ்சிருக்குடி!"

ஏலம் முடிந்த ஒரு கூடையை எனக்காகக் கவிழ்த்தும் காட்டினார். அடியிலிருந்து நாற்பது அளந்தேன். சராசரி பதினாறு.

யாரிடமும் சொல்லாமல் விட்டிருக்கலாம். படகுக்காரர்களுக்கும் அதுதான் மகிழ்ச்சி. அப்படி யோசித்தபடியே ஆய்வகம் வரை நடந்தேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

டாக்டர் அனுசுயா நுண்ணோக்கியில் மீனின் செவிக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடுகளவு கல், அதிலுள்ள வளையங்களை எண்ணி மீனின் வயதைச் சொல்லிவிடுவார். நடந்ததை நான் சொல்லி முடிக்கும்வரை தடுக்கவில்லை. பிறகு நோட்டை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து மெதுவாகப் புரட்டினார்.

"ஒவ்வொன்னையும் ரெண்டு தடவ அளந்திருக்கீங்க அனிட்டா."

"ஆமா மேடம்."

"தப்பான மீன ரொம்பச் சரியா அளந்திருக்கோம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூடைய எப்படி அடுக்குறாங்கன்னு மொத நாளே நான் நின்னு பாத்திருக்கணும். பாக்கல."

அவ்வளவுதான். திரும்பவும் செவிக்கல்லுக்குக் குனிந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் டாக்டர் எழுந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "நான் தப்பா அளந்துட்டேங்க." என் பெயரைச் சொல்லவேயில்லை. கூடைக் கதையை அவர் விவரித்தபோது நாற்காலிகள் அதிரச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் அழுதிருப்பேன்.

"அப்ப எட்டு மாசமும் தண்டமாம்மா?" என்றார் மூன்று படகு வைத்திருக்கும் உத்திராபதி.

"வலை நல்லாருக்குன்னு சொல்லத்தாங்க இங்க வர்றதா இருந்தேன். இப்ப சொல்ல முடியாது. அடி மீனு வரைக்கும் மறுபடி அளக்கணும்."

"ஏலத்துக்கு முன்னாடி கூடையக் கலைச்சா வெல படுத்துரும். விட மாட்டோம்."

பின்வரிசையிலிருந்து எல்லையம்மாள் குரல் வந்தது. "கூடைய ஏன் கலைக்கணும்? படகுலேருந்து கொட்டுன ஒடனே, நாங்க அடுக்குறதுக்கு முன்னாடி அளக்கட்டும். காலையில நாலரைக்கு வந்து நிக்குமான்னு அந்தப் புள்ளயக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலையாட்டினேன்.

திங்கட்கிழமை நாலரைக்கு நான் போனபோது டாக்டர் எனக்கு முன்பே வந்து, ஈரத்தரையில் குத்துக்காலிட்டுப் பலகையோடு உட்கார்ந்திருந்தார். உத்திராபதியின் படகு மீன் குவியலாகக் கொட்டப்பட்டது. கண்ணை மூடிக் கையைக் குவியலுக்குள் விட்டு எடுத்தேன். பதினாலே முக்கால். மறுபடி அளந்தேன். அதேதான்.

உத்திராபதி குனிந்து பார்த்தார். "இது முட்ட வச்சிருக்குமாம்மா?"

"இல்லீங்க. இன்னும் வைக்கல," என்றார் டாக்டர்.

அடுத்த மீனைப் பார்க்க உத்திராபதி அங்கேயே நின்றார். டாக்டர் பலகையைத் துடைத்து என் பக்கம் நகர்த்தினார். இரண்டாவது மீனை எடுத்தேன்.